கண் ரெண்டையும் விட்டுட்டு

கோ. பரமானந்தம், வயசு எழுபத்தி நாலு, ஓய்வு பெற்ற ஆசிரியர். சீட்டுல அப்படித்தான் இருக்கு. பேரைப் படிச்சு நான் நிமிர்றதுக்குள்ள ஆள் எதிர் நாற்காலியில வந்து உட்கார்ந்தாச்சு. மருமக கொண்டாந்து விட்டுட்டு, கடைவீதிக்குப் போயிட்டு வந்துருதேன் மாமான்னு கிளம்பிட்டா. வெள்ளை வேட்டி, கதர்ச் சட்டை, சட்டைப் பையில பேனா. இன்னும் பேனா. முடி பூரா போயிருச்சு, முகம் சுருங்கிப் போய் காது மட்டும் பெருசா நிக்குது. ஆனா நான் கண்டுபிடிச்சது பேரை வச்சு இல்ல, முகத்தை வச்சும் இல்ல. உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிட்டு ஒரு 'ம்' போட்டார் பாருங்க, அந்த 'ம்'முக்கு என் கை ரெண்டும் என்னைக் கேக்காம தொடைக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கிச்சு. சீட்டு கீழ விழுந்துருச்சு. முப்பத்தி மூணு வருஷம் ஆயிருச்சு, என் கைக்கு மட்டும் ஒரு நாள் கூட ஆகல. அவன்தான். அவர்தான். சீ, மனசுக்குள்ள கூட அவன்னு ஒரு தடவைக்கு மேல வர மாட்டேங்குது, பின்னாலேயே மரியாதை ஓடிவந்து நிக்குது. எனக்கு இப்ப நாற்பத்தி மூணு. அன்னைக்கு அவருக்கு நாற்பத்தி ஒண்ணு இருக்கும். கணக்குப்படி பார்த்தா அந்த மனுஷனை விட நான் ரெண்டு வயசு மூத்தவ. மூத்தவளா இருந்து என்ன, கை வெளிய வரணுமே.

வேலை, வேலையைப் பாரு தமயந்தி. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, இலவச கண் முகாம், உனக்கு முன்னால நாற்பது பேர் காத்துக்கிட்டு இருக்காங்க. விடியக்காலையில ஆஸ்பத்திரி வேன் எங்களைக் கொண்டாந்து இந்தப் பள்ளிக்கூடத்துல இறக்கிவிட்டுச்சு. எனக்குக் கிடைச்சது எட்டாம் வகுப்பு ஆ பிரிவு. எல்லாப் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே வாடைதான், சாக்பீஸும் வேர்வையும். உள்ள வந்த வேகத்துல வெளிய போய் நின்னுட்டேன், முகாம் பொறுப்புல வந்த ஞானசுந்தரி சிஸ்டர் கிட்ட காலையில இட்லி சரியில்லன்னு சொல்லிட்டேன். ஜன்னலைச் சாத்தி, கரும்பலகை மேல ஆணி அடிச்சு எழுத்து அட்டையைத் தொங்கவிட்டு, மேல ஒரு பல்பு போட்டிருக்கு. வகுப்புக் கடைசியில நாற்காலி, அதுக்கு எதிர்ல என் மேஜை. வர்றவங்களை அதுல உட்காரவச்சு, ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, அட்டையை மேலேயிருந்து வாசிக்கச் சொல்லி, எந்த வரி வரைக்கும் தெரியுதோ அதுக்கான எண்ணைச் சீட்டுல எழுதணும். எங்க முகாம் அட்டையில கடைசி வரி ஆறுக்கு ஒன்பது, அதை எழுதினா பார்வை நல்லா இருக்குன்னு அர்த்தம், சொட்டு மருந்தை வாங்கிட்டு வீட்டுக்குப் போகலாம். ஆறுக்கு அறுபது, இல்ல அதுக்கும் கீழன்னு எழுதினா டாக்டரம்மா கிட்ட போகணும். அவங்க புரைன்னு சொல்லிட்டா சாயங்காலமே வேன்ல ஏத்தி, மறுநாள் ஆபரேஷன். காசு கிடையாது, சோறு கூட நாங்களே போடுறோம். ஆனாலும் அந்த வேனைக் கண்டா சனங்களுக்கு அடிவயிறு கலங்கும். அதனால என்ன பண்ணுவாங்கன்னா, சுவரோரம் பெஞ்சுல உட்கார்ந்து, முன்னால போறவங்க வாசிக்கிறதைக் காது குடுத்துக் கேட்டு எழுத்தையெல்லாம் மனப்பாடம் பண்ணிருவாங்க. கண்ணே தெரியாத ஆளு கடைசி வரி வரைக்கும் கடகடன்னு ஒப்பிப்பார். பன்னெண்டு வருஷமா இந்தக் கூத்தைப் பார்க்கேன். கண்ணைக் காட்ட வர்றதில்ல, பரீட்சையில பாஸாக வர்றாங்க. அதுக்குத்தான் அட்டைக்குப் பின்பக்கம் வேற எழுத்து அச்சடிச்சு வச்சிருக்கு, சந்தேகம் வந்தா திருப்பிப் போட்டுக்கலாம்.

டார்ச்சை எடுத்து அவர் வலது கண்ணுல அடிச்சேன். வேலைன்னா கை வந்துரும், அந்த மட்டுக்கும் விசுவாசமான கைதான். கண் பாப்பா பூரா வெளுத்துப் போய்ப் பால் நிறத்துல கிடக்கு. முத்தின புரை. இந்தக் கண்ணுக்குப் பகலா ராவான்னு தெரியும், முகத்துக்கு நேரே கையை ஆட்டினா என்னமோ ஆடுதுன்னு தெரியும், அவ்வளவுதான். இப்ப ஆபரேஷன் பண்ணினா பார்வை வந்துரும். இப்படியே விட்டா இன்னும் கொஞ்ச மாசத்துல உள்ளேயே கசிஞ்சு, அழுத்தம் ஏறி, சுவத்துல மண்டையை முட்டிக்கலாமான்னு இருக்கும் வலி, அப்புறம் எந்த டாக்டர் வந்தாலும் ஒண்ணும் செய்ய முடியாது. இடது கண்ணைப் பொத்திக்கிட்டு வாசிங்கன்னேன். அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். அந்தக் காலத்துல வாய்ப்பாடு சொல்ல ஆரம்பிக்கிற மாதிரி ஒரு நிமிர்வு. முதல் எழுத்தைச் சொன்னார். ரெண்டாவது வரி, மூணாவது வரி, நாலாவது. கடைசி வரியில ன, ட, ம, ப, ல, ய. ஒரு எழுத்து பிசகல. வெளுத்த கண்ணை வச்சுக்கிட்டு, அதுவும் அட்டையைப் பார்த்துக் கூட இல்ல, அட்டைக்கு ரெண்டடி தள்ளி சுவத்தைப் பார்த்து வாசிக்கிறார். காப்பி அடிக்கிறார். பரமானந்தம் சார் என் கண்ணு முன்னால உட்கார்ந்து காப்பி அடிக்கிறார்.

அஞ்சாம் வகுப்பு. பெருக்கல் கணக்கு. விடை முந்நூத்தி எண்பத்தி நாலு. நான் அவசரத்துல முந்நூத்தி நாற்பத்தி எட்டுன்னு மாத்தி எழுதிட்டேன், பக்கத்துல இருந்த செண்பகவல்லி என் நோட்டைப் பார்த்து அதே முந்நூத்தி நாற்பத்தி எட்டை எழுதிட்டா. சார் ரெண்டு நோட்டையும் சேர்த்து வச்சுப் பார்த்தார். ம், யாருட்டி யாரைப் பார்த்து எழுதினதுன்னார். செண்பகம் தலையைக் குனிஞ்சுக்கிட்டா. நான் செண்பகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், திருட்டு முழி முழிக்கா பாரு, இவதான்னுட்டார். கையை நீட்டச் சொல்லி, உள்ளங்கையில அடிக்க மாட்டார் அவர், திருப்பச் சொல்லுவார், மரஸ்கேலைப் பக்கவாட்டுல பிடிச்சு விரல் முட்டியில இறக்குவார். நான் எழுதல சார்ன்னேன். இறக்கினார். எழுதல சார். இறக்கினார். அடியை நான்தான் சத்தமா எண்ணணும், அது அவர் சட்டம். பன்னெண்டாவது அடியில நடுவிரல் முட்டி என்னமோ சத்தம் போட்டுச்சு. நான்தான் சார்ன்னேன். நான்தான் பார்த்து எழுதினேன். அப்ப கூட விடல. பெஞ்சு மேல ஏத்தி, எல்லாருக்கும் கேக்குற மாதிரி மூணு தடவை சொல்லுன்னார். சொன்னேன். ஐம்பது பிள்ளைங்க பார்த்துக்கிட்டு இருந்துச்சு. செண்பகம் தன்னோட மடியைப் பார்த்துக்கிட்டு இருந்தா. மறுநாள் எங்க அப்பா பள்ளிக்கூடத்துக்கு வந்தார். வீங்கின கையைப் பார்த்துட்டுச் சண்டைக்குத்தான் வர்றார்னு எனக்கு ஒரே சந்தோஷம், ஜன்னல் வழியா எட்டிப் பார்த்தேன். அப்பா துண்டைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டுக் கும்பிட்டார். "கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சு எடுத்துருங்க சார், நான் ஏன்னு கேக்க மாட்டேன்"ன்னார். அந்தக் காலத்துல எல்லா அப்பாவும் சொன்னதுதான் அது, மரியாதைக்குச் சொல்றது. எங்க அப்பா செத்து ஒன்பது வருஷம் ஆகுது, நான் அழுதேன், எல்லாம் பண்ணினேன், ஆனா அந்தக் கும்பிடை இன்னும் மன்னிக்கல.

அன்னைக்கு வாயில ஏறின அந்த நான்தான் இன்னும் இறங்கல. வீட்டுல குழாயை யாரு மூடாம விட்டதுன்னு மாமியார் கேட்டா, நான் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டேன், நான்தான் அத்தைம்பேன். ஆஸ்பத்திரியில ஒரு தடவை லென்ஸ் பெட்டியில ஒரு லென்ஸைக் காணோம். யாரு எடுத்ததுன்னு ஞானசுந்தரி சிஸ்டர் கேட்டு வாயை மூடல, நான்தான் சிஸ்டர், கீழ போட்டு உடைச்சிருப்பேன்னுட்டேன். மறுநாள் அது அவங்க மேலங்கிப் பையிலேயே இருந்துச்சு. என்னைப் பார்த்தாங்களே ஒரு பார்வை. நீ தூக்குல போடுறதுக்குக் கூட நான்தான்னு போய் நிப்படின்னு என் வீட்டுக்காரர் சொல்லிச் சிரிப்பார். சிரிக்கட்டும். இன்னொண்ணு இருக்கு, அதுக்கு அவர் சிரிக்க மாட்டார். எந்த எண்ணை எழுதினாலும் நாலு தடவை பார்க்கணும். பஸ் ஸ்டாப் வரைக்கும் போயிட்டு, மகனோட பள்ளிக்கூடப் படிவத்துல பிறந்த தேதியைச் சரியா எழுதினேனான்னு திரும்பி ஓடி வந்திருக்கேன். யாராவது பக்கத்துல சட்டுனு கையைத் தூக்கினா, பாவம் அவங்க தலையைச் சொறிஞ்சிருப்பாங்க, நான் முகத்தைத் திருப்பிருவேன். போன வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர்கள்னு வாட்ஸ்அப்ல ஒரு குரூப் ஆரம்பிச்சானுங்க. சாருக்குச் சால்வை போட்டு ஒரு போட்டோ. சார் அடிச்ச அடியிலதான் நாங்க ஆளானோம்னு எழுதி, நூத்திப் பத்து பேர் கைதட்டியிருந்தாங்க. செண்பகவல்லியும் தட்டியிருந்தா. நான் வெளிய வந்துட்டேன். அதனாலதான் இப்பவும் நான் யாருன்னு இவர் கிட்ட சொல்லப் போறதில்ல. சொன்னா முகம் மலர்ந்துரும். அடடே, என்கிட்ட படிச்ச பிள்ளையா, பார்த்தியா அடிச்சு வளர்த்ததுக்குக் கைமேல பலன், கண் ஆஸ்பத்திரியில உத்தியோகம்ன்னு பக்கத்துல இருக்கிறவங்க கிட்டயெல்லாம் சொல்லுவார். அந்தப் பெருமையைத் தர மாட்டேன். செத்தாலும் தர மாட்டேன்.

வேற ஒண்ணு தரலாம். நான் ஒண்ணுமே பண்ண வேண்டாம், அதுதான் இதுல விசேஷம். அவர் வாசிச்சதை அப்படியே எழுதினா போதும். ஆறுக்கு ஒன்பது. நம்ம பரமானந்தம் சார் பாஸ். சந்தோஷமா சொட்டு மருந்தை வாங்கிட்டு, மருமக கையைப் பிடிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போவார். கார்த்திகை, மார்கழிக்குள்ள ஒரு நாள் கண்ணுல ஊசி குத்தும். வார்டுல நான் பார்த்திருக்கேன், அந்த வலி வந்த பெரிய பெரிய ஆம்பளைங்க கட்டில் கம்பியைக் கடிச்சிருக்காங்க. சார் கடிக்கணும். கத்தணும். எண்ணணும், ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சத்தமா எண்ணணும். அன்னைக்கு யாராவது சீட்டை எடுத்துப் பார்த்தாலும், அவர் வாயால வாசிச்சதைத்தானே எழுதியிருக்கு, பெஞ்சுல இருந்த நாற்பது பேரும் கேட்டாங்களே. பேனாவை எடுத்தேன். ஆறு எழுதினேன். கோடு போட்டேன். அதுக்கப்புறம் கை நின்னுருச்சு. எழுது. எழுதுடி. ஒன்பதுக்கு ஒரு சுழி, ஒரு வால், அவ்வளவுதானே. நடுவிரல் முட்டி, அந்தக் கோணல் முட்டி, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. பேனா முனை தாள்ல பதிஞ்சு மை ஊறுது, கை நகரல. தப்பான எண்ணை எழுத இந்தக் கைக்கு வராது. முந்நூத்தி நாற்பத்தி எட்டுக்கு அப்புறம் தெரிஞ்சே ஒரு எண்ணைக் கூட இது தப்பா எழுதினது கிடையாது. அடப்பாவி மனுஷா, உன்னைப் பழிவாங்குற கையைக் கூட முப்பத்தி மூணு வருஷத்துக்கு முன்னாலேயே அடிச்சுப் பழக்கி வச்சிருக்கியே. எனக்குச் சிரிப்பு வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. அவர் பொத்தின கையை எடுக்காம, என்னம்மா, சரியா வாசிச்சேனான்னு கேட்டார். பரீட்சைத்தாளுக்குக் காத்திருக்கிற பையன் மாதிரி ஒரு ஆசை அந்தக் குரல்ல.

சரி. கண்ணு ரெண்டையும் விட்டுருதேன். அப்பா கும்பிட்டுச் சொன்னபடியே விட்டுருதேன். மிச்சம் இருக்குல்ல. எழுந்திரிச்சேன். வகுப்பு நெடுக நடந்து போய் ஆணியில இருந்து அட்டையைக் கழட்டி, திருப்பி மாட்டினேன். சத்தமே வரல. திரும்பி வந்து, ஒரு சின்ன சந்தேகம், இன்னொரு தடவை வாசிங்கன்னேன். அவர் சந்தோஷமா வாசிச்சார். அதே எழுத்து, அதே வேகம், கடைசியில அதே ன, ட, ம, ப, ல, ய. பெஞ்சுல ஒரு சலசலப்பு, நல்ல கண்ணு உள்ளவங்க ரெண்டு மூணு பேருக்குப் புரிஞ்சுருச்சு. நான் அட்டையைத் திருப்பியாச்சு சார், நீங்க சொன்ன எழுத்து ஒண்ணு கூட இப்ப அதுல இல்லைன்னேன். சார்னு வந்துருச்சு வாயில, வந்தா வரட்டும். அவர் முகம் அப்படியே இறங்கிருச்சு. எழுந்திரிங்கன்னேன். நாற்காலிக் கையைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திரிச்சார். பார்த்துச் சொன்னீங்களா, கேட்டுச் சொன்னீங்களான்னேன். கேட்டுத்தாம்மா, ஆபரேஷன்னா பயமா இருக்கு, அதனாலன்னு முனகினார். என் குரல் அப்ப நிதானமா இருந்துச்சு. எனக்கே தெரியாத குரல். எங்கேயோ கேட்ட குரல்.

"சத்தமா சொல்லுங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

"பார்க்காம சொன்னேன்."

"இன்னொரு தடவை."

"பார்க்காம சொன்னேன். பக்கத்துல கேட்டுச் சொன்னேன்."

"இன்னும் ஒரு தடவை."

மூணாவது தடவை சொல்லும்போது குரல் உடைஞ்சுருச்சு. அதுல கூட எனக்கு ஒண்ணும் ஆகல, இனிப்பாத்தான் இருந்துச்சு, நாக்குக்கு அடியில இனிப்பு. ஆனா அவர் கையைப் பார்த்தேன். ரெண்டு கையும் மெதுவா முதுகுக்குப் பின்னால போகுது. விரலை மடக்கி, முட்டியை உள்ள மறைச்சு. எழுபத்தி நாலு வயசுக் கை. இதை அந்தக் கைக்கு யாரு பழக்கினாங்களோ, எந்த வகுப்போ, எந்த ஸ்கேலோ. நான் அதை யோசிக்க மாட்டேன். எனக்கு என்ன வந்துச்சு. யாரு அவரை அடிச்சிருந்தா என்ன, என்னை அடிச்சது அவர். நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன். அப்பத்தான் பெஞ்சுல இருந்து ஒரு அம்மா, பச்சைச் சேலை, காதுல தண்டட்டி, கையை ஊனி எழுந்திரிச்சாங்க. "ஏ தாயி, விடும்மா அவரை. நானும் அப்படித்தான் பாடம் பண்ணி வச்சிருக்கேன், கேளு"ன்னுட்டு அந்தக் கடைசி வரியை அப்படியே ஒப்பிச்சாங்க. எல்லாரும் சிரிச்சாங்க. எனக்கும் தெரியும், எனக்கும் தெரியும்னு இன்னும் ரெண்டு குரல். பரமானந்தம் சாரும் கண்ணைத் துடைச்சுக்கிட்டுச் சிரிச்சார், அந்த அம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுட்டு உட்கார்ந்துட்டார். அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு. உரிச்ச தோல் அரை நிமிஷத்துல ஒட்டிக்கிச்சு. எனக்கு நெஞ்சு எரிஞ்சுது. அவருக்கு மட்டும் ஒரு ஆளு எழுந்திரிக்குது. நிஜமாவே தப்புப் பண்ணின ஆளுக்கு, பேரு கூடத் தெரியாத ஒரு பொம்பளை, நானும்தான்னு எழுந்து நிக்கா. ஐம்பது பிள்ளைங்க இருந்துச்சே அந்த வகுப்புல. ஒருத்தி, ஒரே ஒருத்தி, சார் நான்தான் பார்த்து எழுதினேன்னு எழுந்திரிச்சிருந்தா என் கை இப்படி இருக்குமா. ஏட்டி செண்பகம், ஒரு வார்த்தைட்டி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லட்டி.

சீட்டை எடுத்து, பாதியில நின்ன எண்ணை அடிச்சுட்டு, வலது கண், கையசைவு மட்டும் தெரிகிறது, முத்தின புரை, அவசரம்னு எழுதினேன். நாலு தடவை பார்த்தேன். டாக்டரம்மா கிட்ட போங்க, பயப்படாதீங்கன்னெல்லாம் சொல்லல, சீட்டை நீட்டினேன், அவ்வளவுதான். அவர் ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டு, நன்றிம்மான்னார். அப்பத்தான் கதவைத் திறந்துக்கிட்டு ஞானசுந்தரி சிஸ்டர் வந்தாங்க, வராந்தா வரைக்கும் சத்தம் கேட்டிருக்கு. வயசான மனுஷரை யாரு எழுப்பி நிக்கவச்சு அப்படிச் சொல்ல வச்சதுன்னு கேட்டாங்க. பெஞ்சு பூரா மடியைப் பார்த்துக்கிட்டு இருந்துச்சு. பச்சைச் சேலை அம்மா கூட. சார் சீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கார். நான்தான் சிஸ்டர்ன்னேன். சிஸ்டர் என்னைப் பார்க்கக் கூட இல்ல, கையை வீசினாங்க. "நீ எதைக் கேட்டாலும் நான்தாம்ப, சும்மா இரு தமயந்தி. யாரு, உண்மையைச் சொல்லுங்க"ன்னு பெஞ்சைப் பார்த்துக் கேட்டாங்க. இப்படியே விட்டுட்டா ஒண்ணும் ஆகாது. நம்பவே மாட்டாங்க. நான் பண்ணாததுக்கெல்லாம் முன்னால நம்பினவங்கதான்.

"இல்ல சிஸ்டர்"ன்னேன். "இது நான்தான்."

அவங்க அப்பத்தான் திரும்பி என்னைப் பார்த்தாங்க. என் கை ரெண்டும் மேஜை மேலதான் இருந்துச்சு.